யாருடைய கைக்காக இந்த விசைகள்?

இயற்பியல் ஆசிரியன் 'விசை' என்று எழுதினால் நியூட்டனைப் பற்றித்தான் எழுதப் போகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். இம்முறை அப்படியில்லை. நான் சொல்லப் போவது கணிப்பொறியின் விசைப்பலகையில் உள்ள விசைகளைப் பற்றி. அதிலும், பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டங்களில் எந்த விசைக்கு எந்த வேலை என்று ஒதுக்கியிருக்கும் முறையைப் பற்றி. 'விளையாட்டு விஷயத்துக்கு அறிவியல் இதழில் இடமா?' என்று கேட்காமல், கொஞ்ச தூரம் என்னுடன் வாருங்கள். மனித எதிர்வினை நேரம், மின்சுற்று, கைவிரல்களின் அமைப்பு மூன்றும் சந்திக்கும் இடம் இது.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான குண்டூர் நாடுதான் என் ஊர். இங்கே நாடு என்றால் சில சிற்றூர்கள் சேர்ந்த ஒரு தொகுதி. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மலைக்கு மேல் வரவேண்டும். வில்லாற்றலுக்குப் பெயர் பெற்ற வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவனுக்கு ஆடி மாதத்தில் செம்மேட்டில் விழா எடுக்கிறோம். சென்ற கோடை விடுமுறையில் நான் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓரியின் மலையில் வேறு வகை வில்வித்தை நடந்துகொண்டிருந்தது. திண்ணையில் நான்கு பையன்கள், நான்கு பழைய மடிக்கணிப்பொறிகள். இணையம் இல்லை. ஒருவனுடைய கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் நான்கையும் இணைத்துக்கொண்டு துப்பாக்கி ஆட்டம் ஆடினார்கள். இத்தகைய ஆட்டங்களை ஆடலாமா, எவ்வளவு நேரம் ஆடலாம் என்பது வேறு விவாதம். அதை இங்கே எடுக்கவில்லை.

அந்த நால்வரில் ஒருவன் என் அக்கா மகன். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அடிபடுபவன் அவன்தான். 'டேய் மந்தம்' என்றே மற்றவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "எனக்குக் கை வேகமே இல்லை மாமா. மூளையே மெதுவாத்தான் வேலை செய்யுதுபோல" என்றான். பிளஸ் ஒன் படிக்கும் பையன் விளையாட்டாகச் சொன்ன சொல் அல்ல அது. தேர்வு, வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவன் தன்மேல் எழுதிக்கொண்ட தீர்ப்பு. அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

அளந்து பார்த்தோம்

வேகம் என்பது அளக்கக்கூடிய ஒன்று. 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று போதும். ஒருவர் அளவுகோலின் மேல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுகிறார். மற்றவர் கீழ் முனையில், பூஜ்யக் கோட்டுக்கு இருபுறமும், தொடாமல் விரல்களை வைத்துக் காத்திருக்கிறார். முன்னறிவிப்பின்றி அளவுகோல் விடப்படுகிறது. அது எத்தனை சென்டிமீட்டர் விழுந்தபின் பிடிபட்டது என்று பார்க்க வேண்டும். விழுந்த தூரத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் எதிர்வினை நேரம் நொடியில் கிடைக்கும். பள்ளியில் படிக்கும் சூத்திரம்தான்.

பத்து முறை சோதித்துச் சராசரி எடுத்தோம். ஊரில் 'சிங்கம்' என்று பெயரெடுத்த பையனுக்கு 19 சென்டிமீட்டர், அதாவது 0.197 நொடி. என் அக்கா மகனுக்கு இடது கையில் 17 சென்டிமீட்டர், 0.186 நொடி. வலது கையில் 21 சென்டிமீட்டர், 0.207 நொடி. கண்ணால் கண்டு கையால் செயல்பட மனிதருக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எனவே இவனிடம் மந்தம் எதுவும் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அவன் இடக்கையன். இத்தனை நாளும் வலது கையில் மவுஸைப் பிடித்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "ஆட்டத்துல அப்படித்தானே மாமா வெச்சிருக்காங்க" என்றான்.

இந்தக் கட்டுரையின் விமர்சனம் இந்தப் பதிலைப் பற்றியதுதான். 'அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்' என்றானே, வைத்தது யார்? எந்தக் கையை மனத்தில் கொண்டு வைத்தார்கள்?

நான்கு விசைகளின் வரலாறு

இன்று ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கி ஆட்டங்களிலும் முன்னே செல்ல டபிள்யூ, பின்னே வர எஸ், இடப்பக்கம் நகர ஏ, வலப்பக்கம் நகர டி என்ற நான்கு விசைகளே இருக்கின்றன. இது ஆதியிலிருந்து வந்ததல்ல. 1993இல் வெளிவந்த 'டூம்' ஆட்டத்தைப் பலர் அம்புக்குறி விசைகளைக் கொண்டே ஆடினார்கள். 1996இல் வந்த 'குவேக்' ஆட்டத்தில் மேலும் கீழும் பார்த்துக் குறிவைக்க வேண்டியிருந்தது. அதற்கு மவுஸ் வசதியானது. வலது கை மவுஸுக்குப் போனதும், நடப்பதற்கான வேலை இடது கைக்கு வந்தது. அம்புக்குறி விசைகளோ பலகையின் வலப்பக்கத்தில் இருக்கின்றன. எனவே ஆட்டக்காரர்கள் இடப்பக்கத்தில் புதிய இடம் தேடினார்கள். ஆளுக்கொரு முறை இருந்தது.

1997 மே மாதம் அமெரிக்காவில் நடந்த 'ரெட் அனிஹிலேஷன்' என்னும் குவேக் போட்டியில் டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் வென்றார். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் தம் ஃபெராரி காரையே பரிசாகக் கொடுத்தார். ஃபாங் பயன்படுத்திய நான்கு விசைகள் இவைதாம். வென்றவரின் விசைகளை மற்றவர்கள் பின்பற்றினார்கள். 1998இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்' ஆட்டம் அதையே தன் தொடக்க அமைப்பாக வைத்தது. அந்த ஆட்டத்தின்மீது 1999இல் கட்டப்பட்டதுதான் புகழ்பெற்ற 'கவுண்டர்-ஸ்ட்ரைக்'. இப்படி ஒருவருடைய கைப்பழக்கம் சில ஆண்டுகளில் உலக வழக்கமாயிற்று. இந்த வரலாற்றில் விரல்களை அளந்து பார்த்த ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை.

நிறையும் குறையும்

இந்த அமைப்பில் நிறையே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்க உளவியலறிஞர் பால் ஃபிட்ஸ் 1954இல் காட்டியபடி, ஒரு குறியைத் தொட ஆகும் நேரம் அதன் தூரம் கூடினால் கூடும். குறியின் அகலம் கூடினால் குறையும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் அடிக்கடி வேண்டிய குண்டு நிரப்பும் வேலை ஆர் விசையில், ஒரே எட்டில் இருக்கிறது. குதிப்பது பலகையிலேயே அகலமான இடைவெளிப் பட்டையில், கட்டைவிரலுக்கு அடியில். இவை ஃபிட்ஸ் விதிக்குப் பொருந்தும் நல்ல ஒதுக்கீடுகள்.

குறைகள் மூன்று. முதலாவது, குனிவது. அதற்குத் தரப்பட்டிருப்பது இடது மூலையிலுள்ள கண்ட்ரோல் விசை. ஒருமுறை தட்டிவிட்டு எடுப்பதல்ல, குனிந்திருக்கும் நேரமெல்லாம் அழுத்திப் பிடிக்க வேண்டிய விசை அது. அந்த வேலையைச் சுண்டுவிரலிடம் கொடுத்திருக்கிறார்கள்! கையில் மிகவும் வலுக்குறைந்த விரலுக்கு மிகவும் நீண்ட வேலை.

இரண்டாவது, இடத்தேர்வு. தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: இடது கையின் சுட்டுவிரல் எஃப் விசையில் இருக்கவேண்டும். அதை இருட்டிலும் கண்டுகொள்ள அவ்விசையில் ஒரு சிறு மேடு உண்டு. இங்கே சுட்டுவிரல் டி விசைக்குப் போவதால் கை முழுவதும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளிப்போகிறது. மேடு பயன்படாமல் போகிறது. சுண்டுவிரலுக்கு எட்டும் எழுத்து விசைகளும் போய்விடுகின்றன. அனுபவமுள்ள சிலர் நான்கு விசைகளையும் வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்த்தி வைத்துக்கொள்வது இதனால்தான்.

மூன்றாவது குறை பெரியது. இந்த அமைப்பு முழுவதும் மவுஸ் வலது கையில் இருக்கும் என்று எண்ணிச் செய்தது. இடக்கையர் மவுஸை இடது கையில் பிடித்தால், வலது கை உடலுக்குக் குறுக்கே பலகையின் இடக்கோடிக்கு வரவேண்டும். மணிக்கட்டு திருகிக்கொள்ளும். விரல்களின் வரிசையும் தலைகீழாகும்.

எங்கள் ஊரில் இடக்கைக்காரர் ஒருவர் வலக்கை அரிவாளால் சாமை அறுத்துச் சிரமப்பட்டால், 'உனக்கு அறுக்கத் தெரியவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. கொல்லரிடம் சொல்லிப் பதத்தை மறுபுறம் வைத்து அடித்து வாங்கிக்கொள் என்பார்கள். அரிவாளுக்கு உள்ள இந்த நியாயம் விசைப்பலகைக்கு இல்லையா?

மாற்றியமைத்தோம்

உண்டு. ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் விசைகளை மாற்றும் பக்கம் ஒன்று இருக்கிறது. ஆனால் நான் பார்த்த ஆட்டங்களில் அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. 'ஸ்ட்ரேஃப்', 'க்ரவுச்' போன்ற சொற்கள் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் வருபவை அல்ல. பொருள் தெரியாததால் தமிழ்வழி மாணவன் அந்தப் பக்கத்தைத் திறந்து, திகைத்து, மூடிவிடுகிறான். பிறகு அந்த அமைப்பே அவனுக்கு விதியாகிவிடுகிறது. பக்கவாட்டில் நகர்வது, குனிவது என்று இரண்டு சொற்களை எழுத எவ்வளவு செலவாகிவிடும்?

ஒவ்வொரு வரியாக அவனுக்குப் பொருள் சொன்னேன். ஒதுக்கீட்டை அவனே செய்தான். மவுஸ் இடது கைக்குப் போனது. அதன் இரு பொத்தான்களையும் இடம் மாற்றினோம், சுடுவது சுட்டுவிரலிலேயே இருக்கும்படி. நடப்பதற்கு வலது கையின் கீழே ஐ, ஜே, கே, எல் என்ற நான்கு விசைகள். ஐ முன்னே, கே பின்னே, ஜே இடம், எல் வலம். ஜே விசையிலும் மேடு உண்டு. சுட்டுவிரல் பார்க்காமலே வீடு திரும்பிவிடும். குண்டு நிரப்ப யூ. குனிய, சுண்டுவிரலுக்கு அருகிலுள்ள பி.

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. ஐ, எல் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஓடும்போது பி-யை அழுத்தினால் ஆள் குனியவில்லை! தனியே அழுத்தினால் குனிகிறான். "விசை கெட்டுப்போச்சு" என்றான் பையன். கெட்டுப்போகவில்லை. காரணம் பலகைக்கு உள்ளே இருக்கிறது.

முழு விசைப்பலகை ஒன்றில் 104 விசைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தால் 104 கம்பிகள் வேண்டும். அதற்குப் பதில் 8 வரிசை, 13 பத்தி என்று கட்டம்போட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசையை வைத்தால் 21 கம்பிகளே போதும். உள்ளிருக்கும் சிறு சில்லு, வரிசைகளை ஒவ்வொன்றாகத் தூண்டி, எந்தப் பத்தியில் மின்சாரம் வருகிறது என்று நொடிக்குப் பலமுறை பார்த்துக்கொண்டே இருக்கும். சிக்கனமான ஏற்பாடு! ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை ஒரே சமயத்தில் அழுத்தினால், மின்சாரம் சுற்றுவழியில் போய் நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதுபோல் காட்டும். இல்லாத விசை ஒன்று பேய்போலத் தோன்றும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, மலிவான பலகைகளில் சில்லு மூன்றாவது விசையைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். விலை கூடிய பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்து மின்சாரத்தை ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள்.

உங்கள் பலகையை நீங்களே சோதிக்கலாம். எழுதுவதற்கான பக்கம் ஒன்றைத் திறந்து, மூன்று எழுத்து விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். மூன்றும் திரையில் வருகின்றனவா? எந்த மூன்று வரவில்லையோ அந்த மூன்றை ஒரே சமயத்தில் வேண்டியிருக்கும் வேலைகளுக்கு ஒதுக்காதீர்கள். ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை மற்ற விசைகளுடன் சேர்த்து அழுத்துவதற்கென்றே உள்ளவை. ஆகையால் அவற்றுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராதபடி கம்பி இணைத்திருப்பார்கள். நாங்களும் குனியும் வேலையை வலது ஷிஃப்டுக்கு மாற்றினோம். சரியாகிவிட்டது. அதுவும் சுண்டுவிரல் வேலைதான். ஆனால் ஷிஃப்ட் அகலமானது, கைக்கு அருகிலேயே இருப்பது.

முதல் நான்கு நாள்கள் முன்பைவிட மோசமாக ஆடினான் என்பதையும் சொல்லவேண்டும். பழகிய விரல் மறக்க நேரம் எடுக்கும். இரண்டு வாரத்தில் தவறான விசையை அழுத்துவது பாதிக்கும் கீழே குறைந்தது. அவன் சிங்கத்தை வென்றுவிடவில்லை. ஆனால் முதலில் அடிபடுபவன் அவன் என்ற நிலை போயிற்று. 'மந்தம்' என்ற பெயரும் போயிற்று.

விளம்பரத்தில் இல்லாத கணக்கு

'விளையாட்டுக்கென்றே செய்த விசைப்பலகை வாங்கினால் வேகம் வரும்' என்ற விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போடுவோம். சாதாரண யுஎஸ்பி பலகையைக் கணிப்பொறி நொடிக்கு 125 முறை விசாரிப்பதாகக் கொண்டால், இரு விசாரணைகளுக்கு இடையே 8 மில்லிநொடி. சராசரிக் காத்திருப்பு 4 மில்லிநொடி. நொடிக்கு 1000 முறை விசாரிக்கப்படும் பலகையில் சராசரி அரை மில்லிநொடி. மிச்சம் மூன்றரை மில்லிநொடி. மனித எதிர்வினை நேரமோ 200 மில்லிநொடி. நொடிக்கு 60 முறை மாறும் திரையில் அடுத்த படம் வருவதற்கே ஏறக்குறைய 17 மில்லிநொடி ஆகிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் வேகம் இரண்டு விழுக்காடுகூட இல்லை. என் அக்கா மகனின் இரு கைகளுக்கிடையே இருந்த வித்தியாசமோ 20 மில்லிநொடி. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வெற்றிபெற்ற வீரரின் ஒதுக்கீட்டை அப்படியே நகலெடுப்பதும் இதே வகைப் பிழைதான். அவருடைய விரல் நீளமும் பலகையும் வேறு. அதைப் பார்த்து அறிந்துகொள்ளலாம், அணிந்துகொள்ள முடியாது.

எதுவரை மாற்றலாம்?

விருப்பம்போல் மாற்றலாம் என்றால் எல்லை எங்கே? 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் 'ஸ்னாப் டாப்' என்ற வசதியைத் தன் பலகையில் சேர்த்தது. இடம் நகரும் விசையை விடுவதற்கு முன்பே வலம் நகரும் விசையை அழுத்திவிட்டாலும், பலகை தானாகவே முதல் விசையை விடுவித்துக்கொள்ளும். இரு விரல்களும் பிசகின்றி ஒத்துழைக்கக் கற்கவேண்டிய திறமையைப் பலகையே செய்துவிடுகிறது. அடுத்த மாதமே, 2024 ஆகஸ்டில், வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டத்தின் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் இத்தகைய தானியங்கு உதவிகளைத் தடைசெய்தது. ஒரே விசையில் பல நகர்வு, தாக்குதல் வேலைகளைக் கட்டிவைப்பதையும் நிறுத்தியது.

இது சரியான கோடு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு வேலையை எந்த விசையில் வைப்பது என்பது கைக்கும் கருவிக்கும் உள்ள பொருத்தம். அதில் முழு உரிமை வேண்டும். ஆட்டக்காரர் செய்யவேண்டிய வேலையையே கருவியிடம் ஒப்படைப்பது வேறு. அரிவாளின் பதத்தைத் திருப்பி அடித்துக்கொள்வதற்கும், வேறொருவரை விட்டு அறுத்துவிட்டு நான் அறுத்தேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

நம் மொழியில் ஒரு சான்று

பலகையைச் சிந்தித்து அமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்-99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்-99' விசைப்பலகைதான் அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. மெய்யும் உயிரும் மாறிமாறி வரும் நம் மொழியில் இரு கைகளும் மாறிமாறி வேலை செய்கின்றன. 'பக்கம்' என்று எழுதும்போது 'க' விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். துப்பாக்கி ஆட்டத்தில் முன்னே ஓடும் டபிள்யூ விசையில் இங்கே 'ஈ' இருக்கிறது. ஏ, எஸ், டி மூன்றிலும் 'அ', 'இ', 'உ'. அதே விரல்கள், அதே இடம். ஆனால் இங்கே ஒரு மொழியின் நடையைக் கவனித்து இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. எழுதும் பலகை பொதுச் சொத்து. அலுவலகத்திலும் தேர்வுக்கூடத்திலும் யார் உட்கார்ந்தாலும் ஒன்றாக இருக்கவேண்டும். அதை ஆளுக்கொன்றாக மாற்றினால் குழப்பம்தான். ஆட்டத்தின் விசைகள் உங்கள் சொந்தக் கருவி. நண்பன் கணிப்பொறியில் உட்கார்ந்தால் உங்கள் ஒதுக்கீடு அங்கே இருக்காது என்ற சிறு நஷ்டத்தைத் தவிர, மாற்றிக்கொள்ள வேறு தடையில்லை.

விடுமுறை முடிந்து நான் மலையிறங்கும் முன், என் அக்கா மகன் ஒரு நோட்டுத்தாளைக் காட்டினான். ஆட்டத்தின் விசை மாற்றும் பக்கத்திலுள்ள ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதியிருந்தான். "பக்கத்துத் தெருவுல இன்னொரு இடக்கைப் பையன் இருக்கான் மாமா. அவனுக்கு" என்றான்.

இடக்கையோ வலக்கையோ, நீங்களும் ஒருமுறை அளவுகோலை எடுத்து இரு கைகளையும் அளந்து பாருங்கள். 'நான் மெதுவானவன்' என்று முடிவு கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.